ஆடிக் காற்றும் இரண்டாம் டிகாக்ஷனும்

வடம்போக்கித் தெருவில் காலையில் குடிக்கிற காப்பி எவ்வளவு திடமோ, ஆளும் அன்றைக்கு அவ்வளவு திடம். கடைசி வீட்டு டிரில் மாஸ்டர் பால் சேர்க்காமல் குடிப்பார். அவர் உட்கார்ந்தால் பெஞ்சு முனகும். கழுநீர் மாதிரி காப்பி குடிக்கும் வீடுகளில், ஆள் வாசலிலேயே நின்றாலும் தபால்காரர் ஆளில்லை என்று திரும்பிவிடுவார்.

சிவகுருநாதன் நல்ல திடமான மனிதர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு முதல் டிகாக்ஷன்தான். மனைவி தையல்நாயகி எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு, பில்டரில் கிடக்கும் அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி, இறங்குவதைக் குடிப்பாள். மனுஷர் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. மகள் செண்பகம் கல்யாணமாகி நாகப்பட்டினம் போன பிறகு வீட்டில் பார்ப்பதற்கு வேறு ஆளில்லை. ஒருநாள் காலண்டரில் தேதி பார்க்கப் போனார். நடுவில் தையல்நாயகி நின்றிருந்தாள். ராகுகாலம் வரை தெளிவாகப் படிக்க முடிந்தது.

ஆடி பிறக்கச் சில நாள்தான் இருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தத் தெருவில் வருஷா வருஷம் பறக்கவும் செய்யும். அம்மியையாவது கிணற்றடியில் கட்டிப்போடலாம். போன வருஷம்வரை ஆடி முழுக்க செண்பகம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். பெண்டாட்டி கையை ஒரு மாதம் பிடித்துக்கொண்டு திரிந்தால் தெரு என்ன சொல்லும் என்று யோசித்து, அதைவிடக் காப்பி போடுவது மேல் என்று முடிவு செய்தார்.

வெந்நீர்கூட வைத்துப் பழகாதவர். முதல் நாள் தூளை அமுக்காமல் விட்டார். தண்ணீர் கடகடவென்று ஓடி இறங்கிவிட்டது. அதைக் குடித்த தையல்நாயகி குரலும் மூக்குத்தியுமாகத்தான் மிஞ்சினாள். பரவாயில்லை, சூடாக இருந்தது என்றது குரல். அவருக்கு அழுகை வந்தது. மறுநாள் ரோஷத்தில் தூளைத் தலைதட்டப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்தார். அன்றைக்கு அவள் உட்கார்ந்த நாற்காலி தரைக்குள் முழங்கால் ஆழம் இறங்கியது. அவள் இறங்கிய இடத்திலேயே இருந்து கீரை ஆய்ந்தாள்.

"மூணு கரண்டி தூளுக்கு ஒரு டம்ளர் தண்ணிங்க. ரொம்ப அமுக்கவும் கூடாது, சும்மா விடவும் கூடாது. புள்ளையத் தூங்க வைக்கிற மாதிரி தட்டணும்," என்றாள்.

அடுத்த நாள் அப்படியே தட்டினார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. குடித்து முடித்ததும், கன்னத்து மச்சம் உட்பட முழுசாக எதிரில் நின்றாள். அந்த மச்சத்தை அவர் மறந்தே போயிருந்தார். அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அவள் கையில் பிடி வந்ததுதான் தாமதம், மறுநாள் அவருக்கு முந்தி எழுந்து, முதல் டிகாக்ஷனை அவருக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் குடித்திருந்தாள். காலண்டர் மறுபடி தெரிந்தது. நாளைக்கு ஆடி ஒன்று என்று அதில் போட்டிருந்தது.

ஆடி பிறந்த அன்று அவர் சேவலுக்கு முன்னால் எழுந்தார். முதலாவதையும் இரண்டாவதையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கி, பால் விட்டு இரண்டு டம்ளரில் சமமாக எடுத்து வந்தார்.

"இதுல எது ரெண்டாவது?" என்றாள்.

"தெரியலை. குடி."

குடித்தார்கள். தண்ணீர் ஒரு வாய் கூடுதல்தான், ஆனால் நன்றாக இருக்கிறது என்றாள். அவர் பனியன் வழியாக நிலைப்படி மங்கலாகத் தெரிந்தது.

கோலம் போட வாசலுக்கு வந்தபோது காற்று வந்தது. கிணற்றடிக் கயிறு அறுந்து அம்மி ஓட்டுக்கு மேலே எழும்பியது. தையல்நாயகியின் கால் தரையை விட்டது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சிவகுருநாதன் அவள் கையைப் பிடித்தார். அவர் காலும் தரையை விட்டது.

டிரில் மாஸ்டர் வீட்டு மாடியைத் தாண்டும்போது, அடுப்பை அணைத்தாயிற்றா என்று கேட்டாள். அணைத்தாயிற்று என்றார். காற்று கிழக்கே அடித்தது.

"செண்பகம் அங்க எந்த டிகாக்ஷனைக் குடிக்கிறாளோ," என்றாள் தையல்நாயகி. "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவோம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அம்மி முன்னால் போய்க்கொண்டிருந்தது.