பேசிக்கொள்ளும் இருவருக்கும் என்ன உறவு?

...எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது, எதிரே கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியின் கிரேன் கையை நீட்டியபடி அப்படியே நிற்கிறது, முக்கில் இருக்கும் டயர் கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டுப் படுக்கப் போய்விட்டான், இந்தத் தெரு வழியாகப் போகிற பஸ்களையெல்லாம் ஆற்றங்கரைச் சாலைக்குத் திருப்பிவிடும் உத்தரவைப் போன வாரம் பஸ் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்ததே சூஜென்தான், இனி பக்கத்தில் நிற்கும் இந்தச் சிவப்புக் கவுன்காரி சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்திவிட்டால் பாவோஜி நகரம் மொத்தமும் வாயை மூடிக்கொண்ட மாதிரிதான். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குள்ளே ஒலிபெருக்கியில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள், பிள்ளைகள் அதைக் கேட்டு விடையைக் குறிக்க வேண்டும், வெளியே ஒரு ஹாரன் அடித்து உள்ளே ஒரு வார்த்தை அமுங்கிப்போனால் ஒன்றரை மதிப்பெண் போச்சு, ஒன்றரை மதிப்பெண்ணில் எத்தனை ஆயிரம் பேர் முந்திக்கொண்டு போவார்கள் என்று இங்கே கயிற்றுக்கு இப்பால் நிற்கிற எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் சொல்வார்கள். நேற்றும் இன்று காலையுமாக மற்றதெல்லாம் முடிந்து கல்லூரி நுழைவுத் தேர்வில் இதுதான் கடைசித் தாள். கடைசித் தாள்... இந்த வார்த்தையை அவளும் ஜியன்பிங்கும் ஒரு வருஷமாக எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள், ஒரு கட்டத்தில் அது ஏதோ ஊரின் பெயர் போல ஆகிவிட்டது, கடைசித் தாள் வந்ததும் இறங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துக்கறீங்களா? உங்க மேல வெயில் படுது" என்றான் ஜியன்பிங், குடையைச் சற்றே சாய்த்து. "பரவாயில்லை, நீங்க நல்லா நின்னுக்கங்க, ரொம்ப நன்றி" என்றாள் அவள். சொல்லிவிட்டு நுழைவாயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் டைட்டானியம் ஆலையில் ஷிப்ட் மேலாளர், இன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தான், நீலச் சட்டையை அவனே தேய்த்துப் போட்டிருந்தான், கேகே வெளியே வரும்போது அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே குடையின் கீழ் நிற்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒன்று. ஒரே மகள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆற்றங்கரையில் ஒரு ஹாட்பாட் கடையை சூஜெனே தேர்ந்தெடுத்திருந்தாள், ஆட்டுக்கறியும் தாமரைக் கிழங்கும் கொதித்து முடிந்த பிறகு சொல்வதா, கொதிப்பதற்கு முன்னால் சொல்வதா என்பது மட்டும்தான் இன்னும் முடிவாகவில்லை. அப்பாவும் அம்மாவும் பிரிகிறோம், ஆலைக்குப் பக்கத்தில் அப்பா வீடு பார்த்துவிட்டார், உன்மேல் யாருக்கும் கோபமில்லை... இதை எந்தக் குரலில் சொல்வது, யார் சொல்வது, ஜியன்பிங் சொன்னால் தொழிற்சாலை அறிவிப்பு போல இருக்கும், அவள் சொன்னால் பஸ் தடம் மாற்றிய உத்தரவு போல இருக்கும்.

அவர்கள் ஒன்றும் ஊரில் இல்லாத காரியத்தைச் செய்யவில்லை. பரீட்சை முடிந்த வாரம் பதிவு அலுவலகத்தில் விவாகரத்துக்கு வரிசை தெருவரைக்கும் நிற்கும், டோக்கன் வாங்க எங்கள் பஸ்ஸிலேயே போகலாம் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். போன வருஷம் வசந்தத்தில் கேகேயின் வகுப்பாசிரியை போன் செய்தது ஞாபகம் வந்தது, "அம்மா, பொண்ணு மார்க் இறங்கிக்கிட்டே போகுது, வீட்ல கொஞ்சம் அமைதி வேணும், இந்த ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்குங்க." அதுவரைக்கும் அந்த வீட்டில் சண்டை என்றால் சண்டை, தட்டு பறக்கும், அண்டை வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார், நீ ஒரு மனுஷனா, நீ ஒரு பொம்பளையா, உன் அம்மாவைச் சொல்லணும், என் அம்மாவை ஏன்டி இழுக்கற... போன் வந்த அன்று ராத்திரி இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு விஷயத்தில் உடன்பட்டார்கள், பிரிந்துவிடலாம், ஆனால் கடைசித் தாளுக்குப் பிறகு, அதுவரை மரியாதையாக. மரியாதை என்றால் எப்படிப்பட்ட மரியாதை! நீ போய் நீங்க வந்தது, உப்பைக் கொஞ்சம் தர முடியுமா, தாராளமாக, மன்னிக்கணும் கொஞ்சம் வழி... அவன் ஆலைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் புத்தக அறையிலேயே படுத்துக்கொண்டான். ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, பழகியதுதான் மோசம். சண்டை போட்ட வரைக்கும் ஏதோ ஒன்று இருந்தது, அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இல்லை. அது தெரிந்த நாளில் அவளுக்குத் துக்கமாக இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

சிவப்புக் கவுன்காரி முழங்கையால் இடித்தாள். காலையிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், மார்க்கெட்டுக்குள் வேகவைத்த ரொட்டி விற்கிறவள், மகன் உள்ளே எழுதுகிறான், புருஷன் சிஞ்சியாங்கில் லாரி ஓட்டுகிறான், சிவப்பு ராசி, மகன் ஜெயிக்க வேண்டுமென்று அவள் வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த கவுன் இடுப்புப் பக்கம் தையல் விட்டுக்கொண்டிருந்தது. "தங்கச்சி, கேக்கறேன்னு தப்பா நினைக்காத" என்று கண்ணால் ஜியன்பிங்கைக் காட்டினாள். "இவர் யாரு, உன் பொண்ணு ஸ்கூல் வாத்தியாரா?" "ஏன்க்கா?" "இல்ல, ரொம்பத் தன்மையாப் பேசறாரு, நீயும் நன்றி நன்றின்னு சொல்லிக்கிட்டிருக்க. என் ஆளு போன்ல பேசினா பக்கத்துக் கடைக்காரன் காதைப் பொத்திக்குவான். அப்ப யாரு, ஆபீஸ்காரரா?" சூஜென் வாயைத் திறந்தாள், அதற்குள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர் 'அமைதி' என்று எழுதிய பலகையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். விதைப் பொட்டலம் மூடப்பட்டது, யாரோ ஒரு தாத்தா சிணுங்க ஆரம்பித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினார்.

இனி கேட்டல் பகுதி முடிகிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. மதிலுக்கு அப்பால் இருந்து ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் சூஜெனுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, மூன்று வருஷமாக அவள் காலையில் கஞ்சி கிளறியதே அந்த ஒலிப்பதிவுக்குத்தான், முதலில் ஒரு மணியோசை, பிறகு அந்த ஆள், பிறகு அந்தப் பெண், எப்போதும் அதே இரண்டு பேர், ஒருநாள் நூலகத்துக்கு வழி கேட்பார்கள், ஒருநாள் ரயிலைத் தவறவிடுவார்கள், குரலில் ஒரு சுருக்கம்கூட விழாது. அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை, மெட்டு மட்டும் தெரியும். பேசிக்கொள்ளும் இருவருக்கும் என்ன உறவு, என்று ஒரு கேள்வி தவறாமல் வரும், கணவன் மனைவியா, முதலாளி பணியாளரா, கடைக்காரர் வாடிக்கையாளரா. "எப்படிடி ரெண்டு வரியில கண்டுபிடிக்கற?" என்று ஒருநாள் கேட்டதற்கு கேகே வாயில் கஞ்சியோடு சொன்னாள், "அம்மா, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கக் கூடாது, எப்படிச் சொல்றாங்கன்னு கேக்கணும், அவ்ளோதான்." கேட்டல் பகுதியில் அவளுக்கு எப்போதும் முழு மதிப்பெண். வகுப்பாசிரியைக்கே அதில் பெருமை, இவளுக்குக் காது இல்லை, ராடார் என்பாள்.

அப்படியானால்... ரொட்டிக்காரி எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாள்? நகரச் சொன்ன ஒரு வரி, நன்றி சொன்ன ஒரு வரி, இரண்டைக் கேட்டாள், கணவன் மனைவி என்பதை முதலிலேயே அடித்துவிட்டாள், வாத்தியாரா ஆபீஸ்காரரா என்பதில்தான் அவளுக்குச் சந்தேகம். அந்த வீட்டுக்குள் ஒரு வருஷம் அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட ராடார் காதுக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? சூஜென் திரும்பி ஜியன்பிங்கைப் பார்த்தாள், அவன் நின்றுபோன கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு தடவைதான் கேகே தப்பு விட்டாள், ஏப்ரலில், இரண்டாவது மாதிரித் தேர்வில், அதுவும் இந்தக் கேள்வியில். ஆண் சொல்கிறான், இந்த நாற்காலியை உங்களுக்காக நகர்த்தி வைக்கட்டுமா, பெண் சொல்கிறாள், உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு, ரொம்ப நன்றி. ஓட்டல் பணியாளும் விருந்தாளியும், குழந்தைக்குக்கூடத் தெரியும், கேகே கணவன் மனைவி என்று குறித்திருந்தாள். அன்றைக்கு மாலை மேஜையில் நூடுல்ஸ், ஜியன்பிங் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான், "இதுல எப்படிம்மா கோட்டை விட்ட?" என்று அவள்தான் கேட்டாள். கேகே சிரித்தாள். "அவ்ளோ மரியாதையா பேசிக்கிட்டாங்களா, அதான் புருஷன் பொண்டாட்டின்னு போட்டுட்டேன்." அவர்களும் சிரித்தார்கள், அளவாக, பல் தெரியாமல். இல்லை, சிரித்தது அவள் மட்டும்தான். பூண்டு உரித்த கை நின்றது, இப்போது நினைத்தால் அந்தக் கை நன்றாகத் தெரிகிறது, பிறகு "அடுத்த தடவை கவனமாக் கேளு" என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டு அவன் மறுபடி உரிக்க ஆரம்பித்தான். அவனுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டதா? புரிந்து, அதையும் மரியாதையாக விழுங்கிவிட்டானா?

தப்புத்தான் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருஷத்தில் அவள் மகள் இதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள், புருஷன் பொண்டாட்டி என்றால் ஓட்டல்காரனும் விருந்தாளியும். ஆனால் அதற்கு முன்னால் பதினேழு வருஷம் தட்டு பறந்த வீட்டில் வளர்ந்தவள், இருவர் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தால் எப்படிக் கத்துவார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும், அவள் போய் இதில் தப்பு விடுவாளா? வேண்டுமென்றே குறித்திருந்தால்... எனக்குத் தெரியும், நீங்கள் நடிக்க வேண்டாம், என்று ஒன்றரை மதிப்பெண்ணைக் கொடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், இவர்கள் இருவரும் பூண்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவளும் அதே மேஜையில் உட்கார்ந்து, அம்மா உப்பு கொஞ்சம் தர்றீங்களா, என்று... ஆமாம், கேகேயும் அப்படித்தான் பேச ஆரம்பித்திருந்தாள், வளர்ந்துவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்றல்லவா சூஜென் நினைத்துக்கொண்டிருந்தாள். எது மேல், தெரியாமலிருப்பதா, தெரிந்துகொண்டு அவர்களுக்காக நடிப்பதா? இரண்டில் எதையும் அவளால் விரும்ப முடியவில்லை. இந்த நிமிஷத்தில்கூட உள்ளே அந்த இருவர் பேசிக்கொண்டிருக்கலாம், பென்சில் முனை மூன்று கட்டங்களுக்கு மேலே நின்றுகொண்டிருக்கலாம்.

போலீஸ்காரர் பலகையை இறக்கினார். கேட்டல் முடிந்தது, இனி எழுதுகிற பகுதி, கிரேன் முனகிக்கொண்டு திரும்பியது, டயர் கடை ஷட்டர் ஏறியது, கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. ஜியன்பிங் பையிலிருந்து வெந்நீர்ப் புட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான், "தண்ணி குடிக்கறீங்களா?" சூஜென் வாங்கி மூடியைத் திருகினாள், அசையவில்லை, மறுபடியும் திருகினாள், நன்றி என்று சொல்வதற்காகத் திறந்த வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"இப்படி முறுக்கி வச்சா எவன் தொறக்கறது? எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உனக்கு!"

சத்தம் அவள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது, முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். ஜியன்பிங் அவளைப் பார்த்தான். புட்டியைப் பிடுங்கி ஒரே திருகில் திறந்து அவள் கையில் திணித்தான். "உனக்குத்தான் எதுலயும் பொறுமையே கெடையாதே."

"அட!" என்று ரொட்டிக்காரி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள், விதைப் பொட்டலம் மறுபடி திறந்திருந்தது. "உன் வீட்டுக்காரரா! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு வாத்தியாருன்னு நினைச்சு, நல்லாப் படிச்ச மனுஷன்னு ஒதுங்கி இடம் குடுத்துக்கிட்டிருக்கேன்!"

சூஜென் தண்ணீர் குடித்தாள். சூடாக இருந்தது, நாக்கு சுட்டது. ஆலைக்குப் பக்கத்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, இதனால் ஒன்றும் மாறப்போவதில்லை, இரண்டு பேருக்கும் அது தெரியும். குடை கொஞ்சம் சாய்ந்து அவள் தோளில் வெயில் விழுந்தது, அவன் கவனிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேகே இன்றைக்கு எதைக் குறித்திருப்பாள்? சரியான விடையையா, அவர்களுக்கான விடையையா... ஐந்து மணிக்கு அவள் வெளியே வந்ததும் முதல் வரி என்ன சொல்கிறாள் என்று கேட்கக் கூடாது, எப்படிச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டும், ஆனால் அப்படிக் கேட்கத் தனக்குத் தெரியுமா என்று சூஜென் யோசித்தாள், கேட்டுப் பழகியதே இல்லையே.