கதவைத் தடவிய கை

எங்க வீட்டு முன்னால ஷெட்டுல ஒருத்தி நிக்கிறா. வயசு என்னைவிடக் கூட. உடம்பெல்லாம் துரு, மூஞ்சியில ரெண்டு லைட்டும் கிடையாது. என் சக்களத்தின்னுதான் சொல்வேன். வீட்டுக்காரர் எங்கிருந்தோ இழுத்துட்டு வந்த பழைய கார் அது. தினமும் அவ மூஞ்சியிலதான் முழிக்கிறார்.

வேற நேரமா இருந்தா தலையில அடிச்சுக்கிட்டு என் தையல் மெஷினைப் பாக்கப் போயிருப்பேன். இந்தத் தடவை முடியல. அவர் பட்டறையில டிங்கரிங் பாக்கறவர். நசுங்கின தகட்டைத் தட்டி நிமித்தி, பள்ளத்தை அடைக்கப் பட்டி பூசி, உப்புத்தாளால தேய்ச்சு, உள்ளங்கையால தடவியே மேடு பள்ளம் சொல்லிடுவார். கண்ணெல்லாம் அப்புறந்தான். அந்தக் கை இப்ப மரத்துப்போச்சு. சர்க்கரை நரம்பைத் தின்னுடுச்சுன்னு டாக்டர் சொன்னார். அவர் தேய்ச்ச வண்டிங்க பெயின்ட் அடிச்சப்புறம் அலை அலையாத் தெரிஞ்சு திரும்பி வந்துச்சு. "கொஞ்ச நாள் வீட்டுல இருங்கண்ணே, கை சரியானதும் வாங்க"ன்னு பட்டறை முதலாளி மரியாதையாச் சொல்லி அனுப்பிட்டார். அந்த மரியாதைதான் இவருக்குத் தாங்கல.

"இந்தக் கார் கதவை நேராக்கிக் காட்டறேன். அவனே வந்து தொட்டுப் பாக்கட்டும்"னு ஆரம்பிச்சார்.

காலையெல்லாம் தேய்ப்பார். கண்ணை மூடிக்கிட்டுத் தடவி, "ம், வந்துடுச்சு"ம்பார். மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ஞ்சா அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம். ஒருநாள் அந்த நேரத்துல நான் போய்த் தொட்டுப் பாத்தேன். துணியை மடிச்சு உள்ளங்கைக்கு அடியில வச்சுத் தடவினா நெளிவு நல்லாத் தெரியும். அவர் செய்யறதைப் பாத்துப் பாத்து எனக்கும் பழகிப்போச்சு. கைப்பிடிக்குக் கீழ பூரா குண்டும் குழியுமா இருந்துச்சு.

சொல்லலாம்னா வாய் வரல. பட்டியைத் தாராளமாத்தான் பூசியிருந்தார், தேய்ச்சாலே போதும். மரக்கட்டையில உப்புத்தாளைச் சுத்தித் தேய்ச்சேன். அப்புறம் தூசியைக் கூட்டி அள்ளிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி போய்க் காப்பி போட்டேன். அன்னையிலேர்ந்து தினமும் இதே பொழப்பாப் போச்சு. தோள்பட்டை விட்டுப்போகும், மூக்கெல்லாம் அடைச்சுக்கும். தைக்கக் கொடுத்தவங்க வந்து வந்து திட்டிட்டுப் போனாங்க.

சாயங்காலம் அவர் எழுந்து வந்து, தேய்ச்ச இடத்துக்குப் பெயின்ட்டுக்கு முந்தின பூச்சா பிரைமர் அடிச்சு, அந்த ஈரத்துல டியூப்லைட் வெளிச்சம் எப்படி விழுதுன்னு குனிஞ்சு பாப்பார். நேரா விழும். விசிலடிப்பார். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு! சரி, மனுஷன் சந்தோஷமா இருக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்.

கதவு முடிஞ்ச அன்னைக்குத்தான், கார் அடிப்பக்கத்துக்காக அப்பத்தான் வெல்டிங் வச்ச தகட்டை வெறுங்கையால தூக்கிட்டார். சூடுன்னே அவருக்குத் தெரியல. தோல் கருகற வாசனை எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. கத்திக்கிட்டு ஓடினேன். "ஏதோ அவசரத்துல தொட்டுட்டேன், அதுக்குப் போய் ஊரைக் கூட்டாதே"ன்னார்.

மறுநாள் முதலாளி வந்தார். குனிஞ்சு பாத்தார், தடவிப் பாத்தார், மறுபடியும் தடவினார். இவர் கட்டுப்போட்ட விரலைப் பின்னால மறைச்சுக்கிட்டு நின்னார்.

"அண்ணே, பழைய கை அப்படியே இருக்கு. திங்கக்கிழமையே வந்துடுங்க. கட்டிங், வெல்டிங்குக்கு ஆளில்லாம நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

இவர் முகத்தைப் பாக்கணுமே. எனக்கோ கட்டிங் மெஷின்ல சுத்தற பிளேடும் இந்த மரத்த விரலும்தான் கண்ணு முன்னால வந்துச்சு. பெத்த மனசு பதறும்பாங்க, கட்டினவ மனசு மட்டும் என்ன கல்லா?

"அது அவர் கை இல்ல தம்பி. நான் தேய்ச்சது. விரலைக் காட்டச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டேன்.

முதலாளி விரலைக் காட்டச் சொல்லல. "அப்புறம் பேசலாம்ணே"ன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

இன்னைக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்னு காத்துக்கிட்டு நின்னேன். அவர் கதவுப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தார்.

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்துதாங்க. உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான்."

"நீ செஞ்சதுக்கு வருத்தம் இல்ல." கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டார். "காலையில தடவறப்ப ஒண்ணுமே தெரியாது. ஆனா சாயங்காலம் பாத்தா வெளிச்சம் நேரா விழும். அப்ப கை உள்ளுக்குள்ள சரியாயிட்டு வருது, எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டி."