ஹரிதாவின் அறுபதாம் வயது

மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமைகளில், பதினொரு மணிக்கு முன்பாகவே அனந்தநாராயணன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குச் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே அகிலாண்டம் அடுப்படியில் இருப்பாள். செம்பூரிலுள்ள சருமப் பராமரிப்பு க்ளினிக்கிலிருந்து வரும் அந்த அழைப்பை அவள் அறியாள். அறிந்திருந்தால் முதல் மாதமே அது நின்றுபோயிருக்கும். ஹரிதா அங்கே பதிவு செய்துகொண்டபோது தன் எண்ணோடு தந்தையின் எண்ணையும் எழுதிக்கொடுத்திருந்தாள். மகளின் கைப்பேசி ஓய்ந்த பிறகு அழைப்பு தந்தையைத் தேடி வந்தது.

"சார், க்ளினிக்ல இருந்து பூமாரி பேசுதேன். ஹரிதா மேடத்துக்கு கட்டுன பணத்துல இன்னும் நாலு சிட்டிங் மிச்சம் இருக்கு. எப்ப வருவாவ?"

முதன்முறை அந்தக் குரல் அவ்வாறு கேட்டபோது ஹரிதா மறைந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. சென்ற ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலளவு தேங்கிய நீரில் நடந்து வீடு வந்தாள். புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் ஒரு சிறு புண். அதன் வழியே எலிக்காய்ச்சல் புகுந்தது என்று மருத்துவர் சொன்னார். காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் எல்லாம் முடிந்தது. வயது இருபத்தேழு. முகத்தில் ஒரு கோடும் விழுந்துவிடாமல் காக்க மாதந்தோறும் செம்பூர் சென்றுவந்த பெண், பாதத்தில் விழுந்த கீறலைப் பொருட்படுத்தவில்லை.

அமங்கலமான சொல்லை வாயால் சொல்லாத வீட்டில் வளர்ந்தவர் அனந்தநாராயணன். "அவ ஊர்ல இல்லைம்மா. புனே போயிருக்கா" என்றார். சொல்லிய கணத்தில் நெஞ்சின் மேலிருந்த பாரம் சற்றே இடம் மாறி அமர்ந்தது. அந்த மாதம் முழுவதும் ஹரிதா புனேயில் இருந்தாள். அடுத்த மாதம் பெங்களூருக்கு மாற்றலானாள். மார்கழியில் வரன் குதிர்ந்தது. தை மாதத்து அழைப்பில் பூமாரியே கேட்டாள்: "கல்யாணம் முடிஞ்சிட்டாக்கும். ஸ்வீட்டு எங்க சார்? கஞ்சப்பிசினாறியா இருக்கீயளே." அவர் சிரித்தார். அந்த ஆண்டில் அவர் சிரித்தது அப்போது ஒருமுறைதான். "கொண்டு வரேன், கட்டாயம் கொண்டு வரேன்" என்றார். சித்திரையில் மகளும் மாப்பிள்ளையும் டொரொண்டோவில் குடியேறினார்கள்.

இந்த வியாழக்கிழமை பூமாரியின் குரலில் அவசரம் இருந்தது.

"சார், இதுதான் கடைசி போன். சனிக்கிழமையோட மெஷினு மாத்துதாங்க. பழைய பேக்கேஜ் எல்லாம் க்ளோஸ். போட்டோ, ரெக்கார்டு அம்புட்டும் அழிச்சிருவாங்க. மேடம் வர முடியலைன்னா வீட்ல யாருக்காவது மாத்திக்கிடலாம்."

"எல்லாத்தையும்னா, அந்தப் படத்தையுமா?"

"எந்தப் படம் சார்?"

"அறுபது வயசுல எப்படி இருப்பான்னு காமிச்சேளே, அது."

"அதுவுந்தான் சார்."

அந்தப் படத்தை அவர் பார்த்ததில்லை. பார்த்திருக்கலாம். சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு மாலை, செடாநகர் முருகன் கோவிலுக்கு மகளை அழைத்துச்செல்ல க்ளினிக் வாசலில் காத்திருந்தார். உள்ளிருந்து ஹரிதா கூவினாள்: "அப்பா, இங்க வாயேன். அறுபது வயசுல என் மூஞ்சி எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர் காமிக்கறது. அசல் நீதான்." அவர் அறை வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ அறுபதாறச்சே நான் இருக்கமாட்டேன். நான் பாக்கப்போகாத மூஞ்சிய இப்ப எதுக்குடி பாக்கணும்?" அவள் கடகடவென்று சிரித்தாள். "சரி போ, அந்தக் கெழவிய நானே பாத்துக்கறேன்."

இளமையிலிருந்தே அவர் கோவிலில் பதிகம் பாடுபவர். நரையும் திரையும் மூப்பும் அணுகாது காத்தருள் என்று இறைஞ்சும் இடம் வரும்போதெல்லாம் குரல் தானாகவே குழையும். இந்த ஓராண்டில் அந்த இடம் வந்ததும் வாய் மூடிக்கொள்கிறது. அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் நரைதான். திரைதான். அவை ஒருத்திக்கு வாய்க்காமற்போன வரங்கள் என்று எந்தச் சந்நிதியில் நின்று சொல்வது?

சனிக்கிழமை பிற்பகல் மாட்டுங்காவில் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அகிலாண்டத்திடம் பழைய ஆபீஸ் சிநேகிதரைப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்தார். க்ளினிக்கில் உட்கார இடமில்லை. நாற்காலிகளில் இருந்தோரெல்லாம் பெண்கள், இருபதைத் தாண்டியவர்கள், வாழைக்குருத்துப் போன்ற கன்னங்கள். ஊசியில்லை, கத்தியில்லை, வருமுன் காப்போம் என்று சுவரில் எழுதியிருந்தது.

பூமாரி வெளியே வந்தாள். தாராவிக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைக் கோட்டின்மேல் பெயர் குத்தியிருந்தாள். "பூமாரியா?" என்று அவர் கேட்ட குரலை வைத்தே அவரைக் கண்டுகொண்டாள்.

"வாங்க சார். நீங்களும் ஒரு சிட்டிங் உக்காருதீயளா? கூட்டத்தப் பாத்தீயளா. முந்தி சுருக்கம் வந்த பொறவு வருவாவ. இப்ப காலேஜ் பிள்ளையெல்லாம் வந்திருமோன்னு பயந்தே வருது. ஞாயித்துக்கிழமையும் லீவு கெடையாது."

"கல்யாண ஸ்வீட்." அவர் பொட்டலத்தை நீட்டினார்.

அவள் முகம் மலர்ந்தது. "ஆறு மாசம் கழிச்சாவது வந்துச்சே. மேடம் நல்லா இருக்காவளா? குளிர்ல ஸ்கின்னு காஞ்சுபோவும், க்ரீம் போடச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார். "அழிக்கறதுக்கு முன்னாடி அந்தப் படத்தை ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

"அதுக்கென்ன. ஆனா ரூல் ஒண்ணு இருக்கு சார். ஒருத்தர் படத்த அவுங்க சொல்லாம இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாது. மேடத்த ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க. ஓக்கேன்னு ரெண்டு எழுத்து போதும்."

"அங்க இப்ப விடியக்காலம். தூங்குவா."

"முழிச்ச பொறவு போடட்டும். ஏழு மணி வரைக்கும் நான் இருப்பேன்."

அனந்தநாராயணன் கைப்பேசியை எடுத்தார். அதன் முகப்பை வெறித்துக்கொண்டு நின்றார். மகளின் எண் இன்னும் அதில் இருந்தது. புனே, பெங்களூர், கல்யாணம், டொரொண்டோ என்று மாதத்துக்கு ஒரு கல்லாய் அவர் எழுப்பிய வீட்டில், விளக்கேற்றி வைத்திருந்தவள் எதிரே நிற்கும் இந்தப் பெண் ஒருத்திதான். உலகத்தில் ஹரிதா உயிரோடிருந்த கடைசி இடம் இவளுடைய நினைவு. படம் வேண்டுமானால் அந்த விளக்கைத் தன் கையாலேயே அணைக்கவேண்டும்.

"மெசேஜ் வராதும்மா" என்றார். "கொழந்தை இல்லை."

"எங்க போயிருக்காவ?"

"போன வருஷம் ஆடியிலயே போயிட்டா. நீ முதல்ல போன் பண்றச்சயே இல்லை."

பூமாரியின் கை பொட்டலத்தின்மேல் அப்படியே நின்றது. நாற்காலியிலிருந்த ஒருத்தி தன் முறை எப்போது என்று இந்தியில் கேட்டாள். பூமாரி, "நான் ஸ்வீட்டு கேட்டேனே சார்" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளறைக்கு அழைத்துப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். விசைகளைத் தட்டினாள். "போட்டோ மட்டும் எடுத்திராதீங்க, என் வேலை போயிரும். பாத்துக்கிடுங்க. நான் வெளிய நிக்கேன். யாரையும் உள்ள விடமாட்டேன்." கதவை மெல்லச் சாத்தினாள்.

திரையில் ஒரு மூதாட்டி இருந்தாள். காதோரம் வெளுத்திருந்தது. கண்களின் கீழே சதை தளர்ந்திருந்தது. மூக்கின் இருபுறமும் இறங்கிய கோடுகள் அவருடையவை, கண்ணாடியில் தினமும் பார்ப்பவை. ஆறு வயதில் அம்மை விட்டுப்போன தழும்பு இடது தாடையில் அப்படியே இருந்தது. அறுபது வயதைக் கணக்கிட்ட இயந்திரம் அதை மறக்கவில்லை. வாயோரச் சுருக்கங்கள் சிரிக்கத் தொடங்கும்முன் விழுபவை. பேரப்பிள்ளைகளை அதட்டக்கூடிய முகம். முழங்கால் வலிக்கிறது என்று குறைப்படக்கூடிய முகம்.

"எனக்கு வர ஐப்பசியிலதான் அறுபது" என்றார் அவளிடம். அவரைவிட மூத்தவளாய் அவள் அமர்ந்திருந்தாள்.

திரை மங்கி அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அவருடைய முகம் மட்டும் மிஞ்சியது. திடுக்கிட்டுச் சுட்டுவிரலால் விசையொன்றைத் தொட்டார். அவள் மீண்டாள். வெளியே பூமாரி யாரிடமோ, "தோ மினிட், தோ மினிட்" என்று இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரை மறுபடியும் மங்கத் தொடங்கியது. அவர் விரலை விசையின்மேல் வைத்தபடி, எடுக்காமல், அமர்ந்திருந்தார்.