விரல் சந்தில் குடியிருப்போர்

"பூச்சி" என்றார் டாக்டர் தாண்டவராயன்.

குணபால நயினார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். செஞ்சி பஜாரில் வேர்க்கடலை மண்டி நடத்துகிறவர். ஒழுக்கமான ஜைனர். வழியில் எறும்புச் சாரை தென்பட்டால், கடைசி எறும்பு கடக்கும்வரை நின்றுவிட்டுத்தான் நடப்பார்.

"எங்க டாக்டர் பூச்சி?"

"உங்க விரல் சந்துலதான். மணிக்கட்டுலயும் இருக்குது. தோலுக்குள்ள வளை தோண்டி, முட்டை வெச்சிக் குடும்பம் நடத்துது. ராத்திரியானா அரிப்பு தாங்கலன்னீங்களே, அதான் அடையாளம். இது சிரங்கு. வெள்ளை மருந்து எழுதித் தரேன். கழுத்துலேர்ந்து பாதம்வரைக்கும் பூசணும். வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல பூசணும். துணியெல்லாம் கொதிக்கிற தண்ணியில போடணும்."

"பூசினா பூச்சி இன்னா ஆவும்?"

"செத்துடும்."

நயினார் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "வேற நோய் எதுனா சொல்லுங்க டாக்டர்."

"இது இன்னா மளிகைக் கடையா?"

"கரப்பான்னு சொல்றாங்களே, அதுல உயிர் உண்டா?"

"கிடையாது. அது தோல் வறண்டு தானா கோவிச்சிக்கிறது. முழங்கை மடிப்புல, முழங்கால் மடிப்புல வரும். அடுத்தவங்களுக்கு ஒட்டாது. களிம்பு தடவினா அடங்கும்."

"அதையே எழுதிக் குடுங்களேன்."

"நான் எழுதினா பூச்சி காலி பண்ணிட்டுப் போயிடுமா நயினாரே?"

"அப்ப படர்தாமரை?"

"அது வட்ட வட்டமா, ஓரம் தடிச்சி வரும். காளான் ஜாதி."

நயினார் யோசித்தார். அவர் வீட்டு வாசலைக் கிழங்கு, வெங்காயம், காளான் எதுவும் தாண்டியதில்லை. "அதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அன்றிலிருந்து சொறிவதில்லை. நகம் பட்டுப் பூச்சி செத்தால் என்ன செய்வது? அரித்த இடத்தில் ஊதிப் பார்த்தார். காற்றில் இருக்கும் உயிர்களின் நினைவு வந்ததும் அதையும் நிறுத்தினார்.

அவர் மனைவி ராஜமதிக்கும் அரிக்க ஆரம்பித்தது. "உங்க விருந்தாளிங்க என் கைக்கும் குடிவந்துட்டாங்க. புதன்கிழமை அனந்தபுரத்துக்காரங்க பொண்ணு பாக்க வராங்க, ஞாபகம் இருக்குதா? அவங்க எதிர்ல சொறிஞ்சா, காப்பியைக்கூடத் தொடாம எழுந்து போயிடுவாங்க."

மாப்பிள்ளைப் பையனை மேல்சித்தாமூர் தேர்த் திருவிழாவில் பார்த்ததிலிருந்து மகள் நீலாஞ்சனாவுக்கு வேறு யாரையும் பிடிக்கவில்லை. இந்தச் சம்பந்தம் முறிந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் நயினாரின் கவலை.

புதன்கிழமை வந்தது. பையனின் தகப்பனார் ஜீவரத்தின நயினார், விளக்கில் விட்டில் விழும் என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுப் படுத்துவிடுகிற மனிதர். வந்ததிலிருந்து குணபாலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதையே பார்த்தார்.

"கையில இன்னா வெச்சிருக்கீங்க?"

குணபாலருக்குப் பொய் வராது. நடந்ததை எல்லாம் சொன்னார். ஜீவரத்தினம் எழுந்தார். ராஜமதி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீவரத்தினம் கிட்டே வந்து குணபாலரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்க தோலையே தர்ம சத்திரமா ஆக்கிட்டீங்களே! இந்த வீட்டுப் பொண்ணுதான் எனக்கு மருமகள். தை மாசம் கல்யாணம். நடுவுல மருந்து கிருந்து பூசினீங்கன்னா மட்டும், இந்தப் பேச்சே வேணாம்."

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்வரை அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டே பேசினார்.

குணபாலர் மகானாகிவிட்டார். மகானுக்கு மருந்து பூச வழியில்லாமல் போயிற்று. அடுத்த மாதம் முழுவதும் மண்டியில் இரண்டு கைகளையும் காக்கை விரட்டுகிறவர் மாதிரி விரித்து வைத்துக்கொண்டே வியாபாரம் பார்த்தார்.

கார்த்திகையில் ஒரு நாள் அனந்தபுரம் பஸ்ஸிலிருந்து ஜீவரத்தினம் இறங்கினார். அவர் கைகளும் விரிந்திருந்தன. பின்னாலேயே அவர் மனைவி மங்கை.

"சம்பந்தி, நீங்க மருந்து பூசிட்டீங்களா?" என்றார் ஜீவரத்தினம், ஆசையோடு.

"சத்தியமா இல்ல. நீங்க?"

"உங்களை அப்படிப் பேசிட்டு நான் எப்படிப் பூசுவேன்?"

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

மங்கை பொறுமை இழந்தாள். "உங்க மாப்பிள்ளைக்கும் வந்துடுச்சி. மணவறையில அவன் தாலி கட்டுவானா, முதுகைச் சொறிவானா? இப்படியே இருந்தா கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு பையன் சொல்றான்."

உள்ளேயிருந்து நீலாஞ்சனா எட்டிப்பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைக் குணபாலர் பார்த்துவிட்டார். ராஜமதியும் பார்த்தாள். அவள் மங்கையைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனாள். திரும்பும்போது அவர்கள் கையில் ஆளுக்கொரு மருந்துப் பாட்டிலும், சுவருக்கு பெயிண்டு அடிக்கிற பிரஷ்ஷும் இருந்தன.

"வேணாம் ராஜமதி" என்றார் குணபாலர். "செய்யறதும் பாவம். செய்யச் சொல்றதும் பாவம். அடுத்தவங்க செய்யறதுக்கு உடன்படறதும் பாவம்."

"உங்களை யாரு உடன்படச் சொன்னது? வேணாம்னு கத்திக்கிட்டே இருங்க. பூசறது நாங்க. பாவமும் எங்களோடது."

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாஸ்திரத்தில் இதற்குத் தடை இருப்பதாக இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. சட்டையைக் கழற்றினார்கள்.

கொல்லையில் நீலாஞ்சனா துணி வேகவைக்க அடுப்பு மூட்டினாள். இரண்டு பெரிய மனிதர்களும் துண்டோடு நின்றார்கள்.

"நான் உடன்படல!" என்று குணபாலர் கூவியதில் பக்கத்து வீட்டு மாடு மிரண்டது.

"நானும் உடன்படல!" என்று ஜீவரத்தினம் கையைத் தூக்கிக் காட்டினார்.

"சுத்தமா உடன்படல!"

"ஏழு ஜென்மத்துக்கும் உடன்படல! மங்கை, அக்குள்ல விட்டுட்ட பாரு."