திருப்பாத அட்டை

மணி மூன்று இருபத்திரண்டு. மழலையர் வகுப்பில் பன்னிரண்டு குட்டி நாற்காலிகள். பன்னிரண்டும் காலி.

"எங்க நம்ம மகாராணி? பாத்ரூமா?" என்று கேட்டபடி பட்டாணியின் அம்மா உள்ளே வந்தாள். பட்டாணிக்கு நான்கு வயது. உருவத்தைப் பார்த்து வீட்டில் வைத்த பெயர், வகுப்பிலும் ஒட்டிக்கொண்டது.

பெரிய மிஸ் திரும்பி சின்ன மிஸ்ஸைப் பார்த்தாள். நான்கு மாதப் பயிற்சிக்கு வந்திருந்த அந்தப் பெண், தரையில் சிந்திய வண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. பத்து நிமிஷம் ஆச்சு."

"எந்த அப்பா?" என்றாள் அம்மா, அந்தக் குழந்தைக்கு நாலைந்து அப்பாக்கள் இருப்பது போல. குரல் உயரவில்லை. ஆனால் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய மிஸ்ஸின் பார்வை சுவருக்குப் பாய்ந்தது. அதைக் குடும்பச் சுவர் என்பார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துணிப்பை. பைக்குள் வீட்டாரின் படங்கள், முகம் வெளியே தெரியும்படி. சுவரில் முகம் இருந்தால் குழந்தையை ஒப்படைக்கலாம். இல்லையென்றால் கடவுளே வந்தாலும் கேட்டுக்கு வெளியில்தான். விதியைப் போட்டவள் பெரிய மிஸ்.

பட்டாணியின் பையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் முன்பு, குழந்தையை அப்பாவிடம் விடக்கூடாது என்ற நீதிமன்றக் காகிதத்தோடு அம்மா வந்து கேட்டதும், அந்தப் படத்தைத் தன் கையால் எடுத்து மேஜை டிராயரில் போட்டது பெரிய மிஸ்ஸுக்கு நன்றாக நினைவிருந்தது.

"இதை யாரு மறுபடி வச்சா?"

"நான்தான் மிஸ். திங்கக்கிழமை. டிராயர்ல கிடந்துச்சு, கீழே விழுந்ததை யாரோ எடுத்துப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். அவ தினமும் அந்தப் பை முன்னாடி நின்னு அழுதா. குடும்பம் முழுசா சுவர்ல தெரியணும்னு நீங்கதானே..."

அம்மா காகிதத்தோடு வந்துபோன அன்றே, என்ன விஷயம் என்று இந்தப் பெண் கேட்டாள். 'குடும்ப விஷயம், உனக்கெதுக்கு' என்று வாயை அடைத்தவள் பெரிய மிஸ்தான். வந்துபோகிற பெண்ணிடம் சொன்னால் ஊரெல்லாம் பரவும் என்ற முன்ஜாக்கிரதை. அதுதான் இப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

"எல்லை தாண்டி அவரோட அண்ணன் இருக்கார்" என்றாள் அம்மா. கை போலீஸ் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. "அங்க கொண்டுபோயிட்டா ஜென்மத்துக்கும் நீ பார்க்க முடியாதுன்னு சொல்லியிருக்கார். சொன்னா செய்வார்."

"அவர் எங்க போறேன்னு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள் பெரிய மிஸ்.

சின்ன மிஸ் விழித்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த நோட்டை உருவி நீட்டினாள்.

அது கவனிப்பு நோட்டு. முதல் மாதம் முழுக்க அதில் சிவப்பு மைதான். 'குழந்தை மகிழ்ச்சியாக இருந்தது' என்று எழுதினால், 'மகிழ்ச்சியை எங்க பார்த்தே? கண்ணுல பட்டதை மட்டும் எழுது' என்று பெரிய மிஸ் அடித்துவிடுவாள். அழுதுகொண்டே கற்றுக்கொண்டாள் அந்தப் பெண்.

கடைசிப் பக்கம்: *3.12. அப்பா வந்தார். தோளில் பெரிய நீலப் பை. சட்டைப் பையில் மஞ்சள் காகித நுனி, இரண்டு. கடிகாரத்தை மூன்று முறை பார்த்தார். 'நாலு மணி வண்டி, நட நட' என்றார். அவள் சிரிக்கவில்லை. அட்டை கையில்.*

"மஞ்சள் டிக்கெட்" என்று எழுந்தாள் அம்மா. "வெளியூர் பஸ்."

டாக்ஸி கிடைத்தபோது மூன்று முப்பத்தாறு.

"சீக்கிரம் போங்கண்ணே."

"சீக்கிரமாத்தான் நிக்கிறேன்மா. முன்னாடி இருக்கிறவன் நகரணுமே" என்றார் டிரைவர். சிக்னல் சிவப்பிலேயே உறைந்து கிடந்தது. அம்மாவின் போனில் போலீஸ், 'வந்துட்டிருக்கோம்' என்று மூன்றாவது முறையாகச் சொன்னது. அவள் மடியில் மகளின் தண்ணீர் பாட்டில். மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"மிஸ், என்னாலதான்..." என்று ஆரம்பித்தாள் சின்ன மிஸ்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். இறங்கு, ஓடலாம்."

கடைசி இரண்டு தெருவை மூவரும் ஓடினார்கள். அம்மாவின் செருப்பு ஒன்று அறுந்தது. இன்னொன்றை அவளே உதறினாள்.

மூன்று ஐம்பத்தெட்டு. பஸ் உறுமிக்கொண்டிருந்தது. படிக்கட்டருகே சின்னக் கூட்டம். நடுவில், சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு, நெஞ்சோடு ஒரு அட்டையை அணைத்தபடி பட்டாணி.

"சார், ஏறினா ஏறுங்க, இல்லேன்னா வழியை விடுங்க" என்றார் கண்டக்டர். "இந்தப் பாப்பா கால் மணி நேரமா சட்டம் பேசுது."

"அட்டையைத் திருப்பாம வீட்டுக்குப் போகக்கூடாது" என்றாள் பட்டாணி. தொண்டை கட்டியிருந்தது.

வகுப்புக் கதவில் பன்னிரண்டு அட்டைகள் தொங்கும். ஒரு பக்கம் பள்ளி, மறுபக்கம் வீடு. கிளம்பும்போது குழந்தையே அட்டையைத் திருப்பி மாட்ட வேண்டும். மாட்டும்வரை அவள் பள்ளியில்தான் இருக்கிறாள். இன்று அப்பா இழுத்த இழுப்பில் அட்டை கையோடு வந்துவிட்டது.

"இதோ திருப்பிட்டேன் பாரு, கண்ணு" என்று அட்டையைப் புரட்டிக் கெஞ்சினார் அப்பா.

"கதவுல மாட்டணும்."

தூக்கினார். அவள் வீறிட்டாள். பஸ்ஸே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. அவரும் நிமிர்ந்தார்; வெறுங்காலோடு நிற்கும் மனைவியைப் பார்த்தார். அடுத்த நொடி குழந்தையை இறுக்கிக்கொண்டு படியை நோக்கிப் பாய்ந்தார்.

படியில் பெரிய மிஸ் நின்றாள். இரண்டு கையும் கம்பிகளில்.

"நகருங்க. என் பொண்ணு இவ. உங்களுக்கென்ன?"

"இல்லேன்னு சொல்லல. ஆனா அட்டை இன்னும் திரும்பல. அதுவரைக்கும் இவ என் கிளாஸ்ல இருக்கா. கீழ விடுங்க."

"யாரு பாப்பா இது?" என்று கேட்டார் கண்டக்டர்.

"எங்க பெரிய மிஸ்."

"அப்படின்னா என் வண்டியில இந்தப் பாப்பா ஏறாது" என்ற கண்டக்டர், பெரிய மிஸ்ஸை மெல்ல இறக்கிவிட்டு, தான் ஏறி விசில் கொடுத்தார்.

பஸ் போன இடத்தில் புகை மட்டும் இருந்தது. அப்பாவின் கை தளர்ந்தது. குழந்தை வழுக்கி இறங்கி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் நீலப் பைமேல் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை கிளாஸ் ஜன்னல்கிட்ட நின்னு பார்த்தேன். என் படம் சுவர்ல இருந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "எடுத்ததை இவளே திரும்ப வச்சிருக்கான்னா, என்னை வரச் சொல்றான்னு நினைச்சு..."

தூரத்தில் போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டது.

ஐந்து மணிக்கு வகுப்பில், குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, பெண் காவலர் எழுதிக்கொண்டிருந்தார்.

"படத்தைத் திரும்ப வச்சது யாரு?"

"நான்" என்றாள் சின்ன மிஸ்.

"ஏன் எடுத்தேன்னு இவகிட்ட நான் சொல்லல" என்றாள் பெரிய மிஸ். "அதை முதல்ல எழுதுங்க."

அம்மா இருவரையும் பார்க்கவில்லை. மகளின் அலமாரித் தட்டிலிருந்து மாற்றுச் சட்டை, வரைந்த தாள்கள், ஒற்றைக் காலுறை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் திணித்தாள். துணிப்பையிலிருந்த படங்களையும் எடுத்தாள்; சிரிக்கும் அப்பாவைச் சேர்த்தே.

"நாளைக்கு வருவாளா?" என்று கேட்டாள் பெரிய மிஸ். அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

பட்டாணி கதவருகே எம்பி நின்று, அட்டையைத் திருப்பி மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று தலை சாய்த்துப் பார்த்தாள். "இப்போ போகலாம்" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கதவில் பதினோரு அட்டைகள் பள்ளிப் பக்கம் திரும்பியிருந்தன. வாரக் கடைசியிலும் பதினொன்றுதான். வீட்டுப் பக்கமாகவே தொங்கிய பன்னிரண்டாவது அட்டையை எடுத்துவிடலாமா என்று சின்ன மிஸ் கேட்கவில்லை. பெரிய மிஸ்ஸும் சொல்லவில்லை.