மல்லிகாவுக்கு இரண்டு நட்சத்திரம்

மலேசியாவில் காஜா பெராங் என்ற ஊரில் என் கடையில் மூன்று வேலை நடந்தது: போட்டோகாப்பி, தொலைபேசி அட்டை, கம்ப்யூட்டர் ஜாதகம். எனக்குச் சோறு போட்டது கடைசி வேலைதான். அந்தக் கம்ப்யூட்டரோ, இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில், சாகவும் மாட்டாமல் பிழைக்கவும் மாட்டாமல் கிடந்தது. காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டு எதிர்க்கடையில் ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக் டீயைக் குடித்துவிட்டு வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். வாடிக்கையாளர் முன்னால் பாதிக் கட்டத்தில் நின்றுவிடும். ராகு வந்திருப்பார், கேது வந்திருக்கமாட்டார்.

டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பிராஜா வந்து மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த தூசியில் இரண்டு முறை தும்மினான்.

"அண்ணே, ரெண்டு வழி இருக்கு. மெமரி கூடப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கை மாத்தினா இன்னும் ரெண்டு வருசம் ஓடும். இல்லாட்டி பேசாம புதுசு வாங்கிருங்க லா."

"எதுடா நல்லது?"

"அது நீங்கதாண்ணே முடிவு பண்ணணும்."

இப்படிச் சொன்னால்தான் எனக்கு எரிச்சல் வரும். முடிவு பண்ணத் தெரிந்தவன் முப்பத்தெட்டு வயதில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவானா? சட்டை வாங்கப் போனால் இரண்டு நிறத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, கடை சாத்தும்வரை நிற்கிற ஆள் நான். மாணிக்கவாசகம் என்று பெரிதாகப் பெயர் வைத்தார்கள், கூடவே கொஞ்சம் துணிச்சலையும் வைத்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்ட தம்பிராஜா, மறுநாள் ஒரு புது மெஷினைக் கொண்டுவந்து பழையதின் பக்கத்தில் வைத்தான். சென்னையிலிருந்து வந்த ஜாதக சிடி ஒன்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தான்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா தூக்கிட்டுப் போயிர்றேன்."

அதுவரை இருந்தது சின்னக் குழப்பம். பெரிய குழப்பத்தை வெள்ளிக்கிழமை மல்லிகா கொண்டுவந்தாள்.

மல்லிகா புக்கிட் காதிலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு போட்டோகாப்பி மெஷின்கள் இருக்கின்றன. ஆனாலும் வாரம் தவறாமல் எதையாவது நகல் எடுக்க மோட்டார் சைக்கிளில் என் கடைக்கு வருவாள். ஊரே என்னை அண்ணே என்று கூப்பிடும். அவள் மட்டும் எந்த முறையும் வைக்காமல் "இந்தாங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். ஐந்து வருடமாக அந்த "இந்தாங்க"வை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

"இந்தாங்க," என்று இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். ஒன்று யாரோ ஒருவனின் ஜாதகம். இன்னொன்று அவளுடைய பிறப்புப் பத்திரம். "கிளேபாங் மாப்பிள்ளை. பேரு சேதுபதி. பொருத்தம் இருந்தா ஞாயித்துக்கிழமை தட்டு மாத்திக்கலாம்னு சித்தி சொல்றாங்க."

"உங்க நட்சத்திரம் என்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. வீட்டுல யாரும் எழுதி வைக்கல. கோயில்லகூட சாமி பேருக்குத்தான் அர்ச்சனை பண்ணுவேன். பத்திரத்துல நேரம் போட்டிருக்கு, பார்த்துக்கங்க. நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்." போகத் திரும்பியவள் இரண்டு கம்ப்யூட்டரையும் பார்த்தாள். "இதுல எது சரியாச் சொல்லும்?"

"அதான் எனக்கும் தெரியல."

"உங்களுக்கு எதுதான் தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் பிறந்த தேதி, நேரத்தை முதலில் பழையதில் போட்டேன். முக்கி முனகி, மக நட்சத்திரம் என்றது. சேதுபதியோடு பத்துக்கு எட்டுப் பொருத்தம். பிறகு புதியதில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள், ஆயில்யம் என்றது. பொருத்தம் நான்குதான். இரண்டையும் தாளில் அச்செடுத்தேன்.

ஆயில்யத்துப் பெண் என்றால் மாமியாருக்கு ஆகாது என்று நம் ஆட்கள் ஓடுவார்கள். சேதுபதியின் அம்மாவோ, ஊரார் சொல்லக் கேட்டவரை, நல்ல நேரம் பார்க்காமல் கடைத்தெருவுக்குக்கூடக் கிளம்பாதவர். இந்தத் தாளைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை தட்டும் வராது, தாம்பூலமும் வராது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. சேதுபதியை எடுத்துவிட்டு என் ஜாதகத்தைப் போட்டேன். புதியது ஏழு பொருத்தம் கொடுத்தது. ஆயில்யத்துப் பெண்ணை மாமியார் இல்லாத வீடாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். என் அம்மா தவறிப் பத்து வருடம் ஆகிறது. அம்மாவை நினைத்து வருத்தப்படுவதா, நன்றி சொல்வதா என்று புரியாமல் உட்கார்ந்திருந்தேன். பழையதிலும் எங்கள் இருவரையும் போட்டுப் பார்த்தேன். பத்துக்கு மூன்று. அதையும் ஒரு தாளில் எடுத்து டிராயரில் போட்டேன்.

ஆக, பழைய மெஷினை வைத்துக்கொண்டால் மல்லிகா கிளேபாங்குக்குப் போகிறாள். புதியதை வாங்கினால் எனக்கு வழி பிறக்கிறது. தம்பிராஜாவுக்கு போன் போட்டேன்.

"புது மெஷின் நல்ல மெஷினாடா?"

"சூப்பர் ஸ்பீடுண்ணே."

"ஸ்பீடா தப்பு பண்ணுமா?"

"என்னாண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றான்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். தேதி ஒன்று, ஊர் ஒன்று, பிறந்த நேரம் ஒன்று. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி மட்டும் வேறு. மலேசிய நேரம் உலக நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் என்றது பழையது. எட்டு மணி என்றது புதியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எண்பத்திரண்டாம் ஆண்டு புத்தாண்டன்று அரசாங்கம் நாட்டுக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. என் தூக்கத்தில் அரை மணியை எவன் தின்றான் என்று அப்பா ஒரு வாரம் கத்திக்கொண்டிருந்தார். பழைய புரோகிராமை எழுதியவர் கிள்ளானில் ஒரு வாத்தியார், அவருக்கு அது தெரியும். சென்னை சிடிக்கு எங்கே தெரியப்போகிறது? எழுபதில் பிறந்தவளுக்கு இன்றைய கணக்கைப் போட்டுவிட்டது. மல்லிகா பிறந்தது ஆயில்யம் முடிந்து மகம் தொடங்கிய சற்று நேரத்தில். கணக்கு அரை மணி முந்திப் போனதும் நட்சத்திரமே மாறிவிட்டது.

பழையதுதான் சரி. இது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக என் தொழில் அறிவின் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. புதுத் தாளைக் கொடுத்தால் அது நான் சொன்ன பொய்யா, மெஷின் சொன்ன பொய்யா? மெஷின்தான் என்று காலையில் முடிவு செய்தேன். மத்தியானம், இல்லை நான்தான் என்று தோன்றியது. சாயங்காலம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோது புதுத் தாள் மேலே இருந்தது. சட்டென்று அதைக் கீழே தள்ளினேன், திரும்ப மேலே எடுத்தேன்.

"இந்தாங்க," என்று வந்து நின்றாள். இந்த முறை கையில் எதுவும் இல்லை.

அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் வரவில்லை.

"நீங்க மகம். பழசு சொல்றதுதான் சரி. அவருக்கும் உங்களுக்கும் பத்துக்கு எட்டு. நல்ல பொருத்தம்."

அவள் தாளை வாங்கவில்லை. "புதுசு என்னா சொல்லுது?"

"அது தப்புங்க. நம்ம கடிகாரத்தை மாத்தினது அதுக்குத் தெரியல."

"தப்புன்னாலும் சொல்லுங்க."

"ஆயில்யம். நாலுதான்."

"அந்தத் தாளைக் குடுக்க வேண்டியதுதானே?" குரல் உடைந்தது. "டவுனுல சோசியருக்கா பஞ்சம்? எல்லாரையும் விட்டுட்டு இங்க எதுக்கு வந்தேன்? நீங்க பொருத்தம் இல்லன்னு சொல்லுவீங்கன்னு வந்தேன். எட்டாம், நல்ல பொருத்தமாம்!"

சிடி மேல் கோபம், கடிகாரத்தைத் திருப்பிய அரசாங்கத்தின் மேல் கோபம், எல்லாவற்றையும்விட என் மேல் கோபம்.

"பொய்த்தாளைக் குடுத்து இதை நிறுத்திட்டு, அப்புறம் எந்த மூஞ்சியோட நான் உங்களை..." அங்கேயே நின்றுவிட்டேன்.

"உங்களை?"

மேசை டிராயரைத் திறந்து மூன்றாவது தாளை எடுத்தேன். "நம்ம ரெண்டு பேருக்கும் பார்த்தேன். பழசுலதான் எடுத்தேன். பத்துக்கு மூணு."

"யாரு பார்க்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அஞ்சு வருசமா எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கேக்கத் தெரியல."

மல்லிகா தாளை வாங்கினாள். விரலை வைத்துப் பத்து வரியையும் மெதுவாகப் படித்தாள். அவள் முடிப்பதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. பிறகு அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். சேதுபதியின் தாள் மேசையிலேயே கிடந்தது.

"மூணு இருக்குல்ல?" என்றாள். "சித்திக்கும் சித்தப்பாவுக்கும் ஒம்பது பொருத்தம். சித்தப்பாவும் அவங்களும் நேராப் பேசியே ஆறு வருசம் ஆச்சு. நாளைக்குக் காலையில வந்து நீங்களே சித்திகிட்டச் சொல்லுங்க. மூணுன்னே சொல்லுங்க, பொய் வேணாம்."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து கேட்டாள். "எந்த மெஷினை வச்சுக்கப் போறீங்க?"

"பழசை. மெமரி போட்டுக்குவேன்," என்றேன். என் ஆயுளில் யோசிக்காமல் நான் சொன்ன முதல் பதில் அது. அவள் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

கடையைச் சாத்தி வீட்டுக்குப் போய், காலையில் போட்டுக்கொள்ள ஒரு சட்டையை எடுத்தேன். பிறகு இன்னொன்றையும் எடுத்தேன்.