மூன்று ஓட்டையும் ஒரு வெட்டும்

நலம் விசாரிக்கப் போன இடத்தில் தையல்காரர் இன்ச் டேப்பை எடுத்துவிட்டார். சட்டையைத் தூக்கியபடி சோபாவில் உட்கார்ந்திருந்த சகலையின் விலாவில் மூன்று தழும்புகள். பெரியதே ஒன்றேகால் இன்ச்தான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சகலை! மெஷின் கையை உள்ள விட்டு, நுரையீரல்ல கட்டி இருந்த துண்டை மட்டும் எடுத்துட்டாங்க. நாலாம் நாள் வீட்டுக்கு வந்துட்டேன்."

தையல்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. அக்கா தங்கையைக் கட்டி, இருபது வருடம் ஒரே தீப்பெட்டியில் சிகரெட் பற்றவைத்தவர்கள் இருவரும். அடுத்தடுத்த மாதங்களில் இருவருக்கும் நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நல்லவேளை, இருவருக்குமே ஆரம்ப நிலை. வீடு, வண்டி, மாப்பிள்ளை எல்லாவற்றிலும் சகலைதான் ஒரு படி மேலே. போகட்டும், புற்றுநோயிலுமா இந்த மனுஷன் முந்திக்கொள்ள வேண்டும்?

மறுநாள் தையல்காரரின் அறுவை சிகிச்சை மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "உங்க கட்டி ஓரத்துல இல்லைங்க. நடுவுல, பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கு. நுரையீரல்ல அந்த மடலையே, அதாவது அந்தப் பாகத்தையே முழுசா எடுக்கணும். நெஞ்சைத் திறந்து செய்யறதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு."

"எங்க சகலைக்கு மூணே ஓட்டைம்மா! நானே அளந்தேன். எனக்கு மட்டும் ஏன் இவ்ளோ பெரிய வெட்டு?"

"அவர் கட்டி இருந்த இடம் வேற, உங்களோடது வேற."

"உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க," என்று எழுந்து வந்துவிட்டார்.

அதன்பின் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார். சகலையின் மருத்துவரையும் விடவில்லை. சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஐந்து வாரம் ஓடியது. மனைவி அழுது ஓய்ந்தாள். "சகலைதான் அவனோட டாக்டர்கிட்ட நமக்காகச் சொல்லாம விட்டிருப்பான்," என்று கறுவிக்கொண்டு சகலை வீட்டுக்கே போனார்.

சகலை முகம் வாடிக் கிடந்தார். தையல்காரர் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா சகலை? உங்க மேல எனக்கு ஒரே பொறாமை."

"என் மேலயா!"

"உங்களுக்கு மடலையே முழுசா எடுக்கறாங்களாமே. எனக்கு ஒரு துண்டுதான். மிச்சத்துல ஏதாவது ஒளிஞ்சிருக்குமோன்னு, இருமல் வந்தா உசுரு போயிட்டு வருது. என் சின்னக் கட்டிக்கு இதுவே போதும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்றாரு. கேட்டாத்தானே இந்தப் பாழாப்போன மனசு!"

தையல்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன் கண் கலங்கிவிட்டது. இப்படிப் பயந்து கிடக்கும் மனுஷனைப் பார்த்தா ஐந்து வாரமாகப் பொறாமையில் வெந்து செத்தோம் என்று அவமானமாக இருந்தது.

அடுத்த நாளே பழைய மருத்துவரிடம் போய் நின்றார். புது ஸ்கேனில் கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"இன்னும் கைமீறலை. இதுக்கு மேல தள்ளிப் போட்டிருந்தா ஆபரேஷனே முடியாமப் போயிருக்கும். இப்ப ஏதாவது கேக்கணுமா?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் என்னால படியேற முடியுமாம்மா? தையல் மெஷினை மிதிக்க எத்தனை நாளாகும்?"

மருத்துவர் பொறுமையாக ஒவ்வொன்றாக விளக்கினார். தையல்காரர் ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"அவனுக்கு என்ன செஞ்சாங்கன்னு ஊரெல்லாம் கேட்டேன். எனக்கு எது சரின்னு இன்னைக்குத்தான்டி கேக்கறேன். வைத்தியத்துல அடுத்தவன் உடம்பைப் பாத்துப் பொறாமைப்பட்டா, நம்ம உடம்பைத்தான் பறிகொடுக்கணும்."